குதிரைக்குத் துணையாகக் குட்டைக் கழுதை வாங்கலாமா?

பாலமேடு_தோட்டம்:

எல்லாருக்கும் வணக்கம். பாலமேட்டுக்கு வெளியே எங்களுக்குக் கொய்யாவும் தென்னையுமாக ஒரு தோட்டம் இருக்கிறது. அதில் ஒரு பெண் குதிரை, மார்வாரிக் கலப்பு, 14 வயது. கூட இருந்த மட்டக்குதிரை போன தை மாதம் வயதாகி இறந்துவிட்டது. அதிலிருந்து இவள் வேலியோரமாகவே நடக்கிறாள், தீவனத்தில் பாதியை விட்டுவிடுகிறாள். ராத்திரி கனைப்பதைக் கேட்கச் சகிக்கவில்லை.

இன்னொரு குதிரை வாங்க வசதியும் இல்லை, சவாரி செய்ய ஆளும் இல்லை. ஒரு தரகர் ஒரு ஆண் கழுதைக்குட்டியைக் காட்டி, "மினியேச்சர் கழுதை, இத்தாலி ரகம், எவ்வளவு வளர்ந்தாலும் இடுப்பு உயரம்தான், குதிரைக்கு நல்ல துணை" என்கிறார். விலை ஒரு லட்சத்துக்கு மேல். குட்டி அழகாக இருக்கிறது, பேத்திக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. குதிரையோடு கழுதையைச் சேர்த்து வளர்த்துப் பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள். தீவனம், நோய், உதை, கடி எல்லாமே தெரிய வேண்டும்.

லாயம்_ஒத்தக்கடை:

அக்கா, பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். மினியேச்சர் கழுதை என்பது சிசிலி, சார்டினியா தீவுகளில் இருந்த சின்னக் கழுதை. 1929இல் அமெரிக்காவுக்குப் போய், அங்கேதான் தனியாகப் பதிவு செய்து பெருக்கினார்கள். தோள் மேடு வரை அளந்தால் 36 அங்குலத்துக்குள், அதாவது 91 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதை இந்தியாவுக்குக் கொண்டுவர மத்திய அரசின் இறக்குமதி அனுமதி வேண்டும், நோயில்லாச் சான்று வேண்டும். தரகரிடம் அந்தக் காகிதங்களைக் கேளுங்கள். காட்டினால் அப்புறம் விலை பேசலாம்.

நம்மூர்க் கழுதையே வளர்ந்து நின்றால் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். வயது ஒன்றுகூட ஆகாத நாட்டுக்குட்டி எப்படியும் இடுப்புக்குக் கீழேதான் இருக்கும். பல்லைப் பார்த்தால் வயது தெரிந்துவிடும். வேண்டுமென்றால் நான் வந்து பார்க்கிறேன்.

அதைவிட முக்கியம், ஒற்றை ஆண் குட்டி வேண்டவே வேண்டாம். குதிரை விளையாடுவது ஓடி. கழுதை, அதிலும் ஆண், விளையாடுவது கட்டிப் புரண்டு. பிடரியைக் கவ்வும், முன்னங்காலைக் கடித்து இழுக்கும், முதுகில் ஏறப் பார்க்கும். இன்னொரு கழுதை இருந்தால் அதுவும் பதிலுக்குக் கவ்வும், இரண்டும் களைத்துப் படுத்துவிடும். குதிரைக்கு அந்த விளையாட்டு புரியாது. முதலில் விலகும், அப்புறம் ஓடும், கடைசியில் உதைக்கும். இடுப்பு உயரக் கழுதைக்கு அந்த உதை விழுகிற இடம் தலையும் விலாவும்தான். எங்கள் பக்கத்தில் ஒரு லாயத்தில் இப்படி ஒரு குட்டிக்குத் தாடை உடைந்து, கஞ்சி ஊற்றிப் பிழைக்க வைத்தார்கள்.

பாலமேடு_தோட்டம்:

தம்பி, காகிதம் கேட்டதற்குத் தரகர் "அதெல்லாம் பண்ணையில் இருக்கு" என்று சொல்லிவிட்டு இரண்டு நாளாகப் போன் எடுக்கவில்லை. அந்தக் குட்டியை விட்டுவிட்டேன். ஆனால் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. நாட்டுக் கழுதையாகவே வாங்கினால் என் குதிரைக்குத் துணை ஆகுமா?

மட்டக்குதிரை_கொடைக்கானல்:

அம்மா, நான் மலையில் மட்டக்குதிரை வைத்துப் பிழைக்கிறவன். என் அபிப்பிராயம் வேறு. குதிரைக்குக் குதிரைதான் துணை. இரண்டு குதிரை ஒன்றையொன்று எதிரெதிரே நின்று தோளைக் கடித்துச் சொறிந்துகொள்ளும், ஒன்று படுத்தால் மற்றது நின்று காவல் காக்கும். ஒன்று மிரண்டால் இரண்டும் ஒரே திசையில் ஓடும். கழுதை ஓடாது. நின்று பார்க்கும். உங்கள் குதிரை ஓடி முடித்துத் திரும்பிப் பார்த்தால் கூட யாரும் இருக்க மாட்டார்கள். வயதான மட்டக்குதிரைகளைச் சுமை வேலையிலிருந்து நிறுத்தி விடுகிறார்கள், குறைந்த விலைக்கோ சும்மாவோ கிடைக்கும். அதைத் தேடுங்கள்.

லாயம்_ஒத்தக்கடை:

அண்ணன் சொல்வது சரி, கிடைத்தால் மட்டக்குதிரைதான் முதல் தேர்வு. ஆனால் மலையிலிருந்து இறக்கும் மட்டக்குதிரைக்கு மேலூர், பாலமேடு சித்திரை வெயில் பழக நாளாகும். அடுத்து, அதுவும் கிழடு, இதுவும் 14. ஒன்று போனால் மறுபடி இதே கதைதான்.

வைகைக்கரை:

அக்கா வணக்கம். எங்கள் தாத்தா காலத்தில் வெள்ளாவித் துணியை ஆற்றுக்கும் வீட்டுக்கும் சுமந்தது கழுதைகள்தான். அப்பா காலத்தில் செங்கல் சூளை. இப்போது எங்கள் வீட்டில் வேலைக்கு என்று ஒன்றும் இல்லை, மூன்று கிழங்கள் மட்டும் சும்மா இருக்கின்றன. கழுதையைப் பற்றி யாரும் அக்கறையாகக் கேட்டு நான் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கழுதைக்குப் பிடிவாதம் என்பார்கள். பிடிவாதம் இல்லை. குதிரைக்கு பயம் வந்தால் கால் ஓடும். கழுதைக்கு பயம் வந்தால் கால் நிற்கும். நின்று, காதைத் திருப்பி, இது என்ன என்று யோசிக்கும். அந்த நேரத்தில் அடித்தால் அடிதான் பயத்துக்குக் காரணம் என்று முடிவு செய்துகொள்ளும், பிறகு அந்த இடத்துக்கு ஆயுசுக்கும் வராது. அவகாசம் கொடுத்தால் தானே நடக்கும். உங்கள் வீட்டில் குதிரையைப் பார்க்கிற ஆள் யாரோ, அவருக்கு இதை முதலில் சொல்லிவிடுங்கள். குதிரைக்குப் பழகிய கை கழுதையை அவசரப்படுத்தும்.

அடுத்தது ஜோடி. கழுதை ஒரு கழுதையோடு ஒட்டிவிட்டால் பிரிக்கவே முடியாது. எங்கள் வீட்டில் ஒன்றுக்குக் காலில் அடிபட்டு வண்டியில் ஏற்றியபோது மற்றது மூன்று தெருவுக்குக் கத்திக்கொண்டே பின்னால் வந்தது. அப்பா இறங்கி அதையும் ஏற்றிக்கொண்டார். அதிலிருந்து எங்கே போனாலும் இரண்டும் சேர்ந்துதான். ஒன்று செத்துப்போனால் மற்றது பக்கத்தில் நின்று முகர்ந்து, அதுவாக விலகும்வரை உடலை எடுக்க மாட்டோம். உடனே எடுத்துவிட்டால் நாள் கணக்கில் தேடும், தீனி தொடாது. அதனால் கழுதை வாங்குவதாக இருந்தால் ஏற்கெனவே சேர்ந்து வாழ்கிற இரண்டை வாங்குங்கள். இரண்டும் பெட்டையாக இருந்தால் உங்கள் தோட்டத்துக்குச் சுலபம். குதிரை அவற்றோடு சேர்ந்தால் நல்லது. சேராவிட்டாலும் அவை இரண்டும் ஒன்றுக்கொன்று இருக்கும், உங்களுக்குப் பாவம் சேராது.

நல்ல கழுதைகள் இன்னும் கிடைக்கின்றன, ஆனால் சீக்கிரம் கிடைக்காமல் போகும். 2012 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 3.2 லட்சம் இருந்தது 2019இல் 1.2 லட்சம் ஆகிவிட்டது. வாசலில் 'என்னைப் பார் யோகம் வரும்' என்று கழுதைப் படம் மாட்டுகிற ஊர் நம்முடையது. படத்துக்கு இருக்கிற மரியாதை உயிருக்கு இல்லை என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம். தெருவில் போஸ்டர் தின்று, பிளாஸ்டிக் தின்று, வயிறு அடைத்துச் சாகின்றன.

பாலமேடு_தோட்டம்:

தம்பி, படித்துவிட்டு வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். இரண்டு பெட்டை என்று முடிவு செய்துவிட்டோம். நோய் விஷயம் யாராவது சொல்லுங்கள். கழுதையிலிருந்து குதிரைக்கு இருமல் வரும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார்.

கால்நடை_மருத்துவர்_திருமங்கலம்:

பயமுறுத்தவில்லை, உண்மைதான். கழுதையின் நுரையீரலில் ஒரு புழு வாழும். கழுதை அதோடு சமாதானமாக இருக்கும், இருமாது, மெலியாது. அதன் விட்டையோடு வெளியே வரும் இளம்புழு புல்லில் ஏறும். அந்தப் புல்லைக் குதிரை மேய்ந்தால் குதிரைக்கு விடாத இருமல் வரும். சிக்கல் என்னவென்றால், இருமுகிற குதிரையின் லத்தியைச் சோதித்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. சோதிக்க வேண்டியது ஆரோக்கியமாகத் தெரியும் கழுதையைத்தான். புதிதாகப் போட்ட விட்டையை எடுத்து, நுரையீரல் புழுவுக்கு என்று சொல்லியே சோதிக்கச் சொல்லுங்கள். சாதாரண குடற்புழுச் சோதனையில் இது தப்பிவிடும்.

இருந்தால் ஐவர்மெக்டினில் போய்விடும். ஆனால் மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்கும் கழுதைக்கும் போட வேண்டாம், ஊசி போட்ட இடம் வீங்கிச் சீழ்பிடிக்கலாம். வாய்வழி கொடுக்கும் பசைதான். எடையைக் கண்ணால் மதிப்பிடாமல் நெஞ்சைச் சுற்றி நாடா வைத்து அளந்து, கழுதைக்கான கணக்கில் பாருங்கள். குதிரைக் கணக்கு கழுதை உடம்புக்குப் பொருந்தாது.

இன்னொன்று, மாட்டுக் கொட்டகையில் உண்ணிக்கு அடிக்கும் அமிட்ராஸ் மருந்தைக் குதிரை, கழுதை மேல் அடிக்கவே கூடாது. குடல் இயக்கம் நின்று வயிறு அடைத்துக்கொள்ளும். நம் பக்கம் மாடும் குதிரையும் ஒரே இடத்தில் இருப்பதால் ஒரே வாளி மருந்தை எல்லாவற்றுக்கும் அடித்துவிடுகிறார்கள்.

கிளாண்டர்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். மூக்கில் சீழ், தோலில் கட்டி. குதிரைக்கு மெதுவாக வரும், கழுதைக்கு வேகமாக வந்து சில நாளில் கொன்றுவிடும், மனிதருக்கும் தொற்றும். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய். ரத்த மாதிரியை ஹரியானா மாநிலம் ஹிசாரில் இருக்கும் தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் வரை அனுப்பி உறுதி செய்வார்கள். வெளிமாநிலச் சந்தையிலிருந்து வந்த விலங்கு என்றால் இந்தப் பரிசோதனை இல்லாமல் உங்கள் வாசலில் இறக்காதீர்கள். உள்ளூரில் பல வருடம் ஒரே வீட்டில் இருந்த கழுதை என்றால் கவலை குறைவு, ஆனாலும் 3 முதல் 4 வாரம் தனியாகக் கட்டி, தனி வாளி, தனி ஆள் வைத்துப் பார்த்த பிறகுதான் குதிரைப் பக்கம். தெட்டனஸ் தடுப்பூசியும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் மூன்றுக்கும் போட்டுவிடுங்கள்.

சோழவந்தான்காரன்:

டாக்டர், கழுதைப் பால் லிட்டர் ஆயிரக்கணக்கில் விற்கிறதாமே. துணைக்கு வாங்குவதோடு அதையும் பார்க்கலாமா?

கால்நடை_மருத்துவர்_திருமங்கலம்:

குட்டி போட்ட கழுதையிடம் குட்டிக்குப் போக ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தேறுவதே அரிது. சினை 12 மாதம், சில சமயம் அதற்கும் மேல். இரண்டு பெட்டையை வைத்து வருமானம் என்பது நடக்காது. அது வேறு தொழில், வேறு இழையில் கேளுங்கள்.

லாயம்_ஒத்தக்கடை:

தீவனத்துக்கு வருவோம், இதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். குதிரை வைத்திருப்பவர் கழுதையைச் சின்னக் குதிரை என்று நினைத்துக் கொள்ளில் கொஞ்சம், தவிட்டில் கொஞ்சம் என்று போடுவார். கழுதைக்கு அது விஷம் மாதிரி வேலை செய்யும். பாலைவனத்துப் பிராணி. காய்ந்த நார்த்தீனியை வைத்தே உடம்பைத் தேற்றிக்கொள்ளும். வேலை இல்லாமல் கொள்ளு தின்றால் கழுத்தில் கொழுப்பு ஏறி, மேடு ஒரு பக்கமாகச் சாயும். சாய்ந்தால் திரும்ப நிமிராது. அப்புறம் குளம்பு வீக்கம்.

காய்ந்த சோளத்தட்டை, பூஞ்சை இல்லாத வைக்கோல், இதுதான் கழுதைக்கு நாள் முழுக்கத் தீனி. கடலைக்கொடி ருசியாகத் தின்னும், ஆனால் சத்து அதிகம், மண்ணை உதறிக் கைப்பிடி அளவு போதும். குதிரைக்கு வேறு கணக்கு. அவளுக்குக் கொள்ளும் தாது உப்பும் வேண்டும். இரண்டையும் ஒரே தொட்டியில் போட்டால் கழுதை கொழுக்கும், குதிரை மெலியும்.

நான் சொல்லும் வழி இது. குதிரையின் தானியத் தொட்டியை அவள் நெஞ்சு உயரத்தில் மாட்டுங்கள், கழுதை வாய் எட்டாது. கழுதைக்குக் கொட்டகையின் ஒரு மூலையில் குறுக்குக் கம்பு கட்டுங்கள், அதன் கீழ் கழுதை குனிந்து நுழையும், குதிரைக்கு முடியாது. ஆனால் அந்த மூலைக்கு இரண்டு வழி இருக்க வேண்டும். ஒரே வழி இருந்தால் குதிரை வாசலில் நின்றுகொண்டு உள்ளே இருப்பதை அடைத்துவிடும். உதை விழுவது எப்போதும் முட்டுச்சந்தில்தான்.

கால்நடை_மருத்துவர்_திருமங்கலம்:

ஒத்தக்கடைத் தம்பி சொன்னதோடு சில சேர்க்கிறேன். குதிரைக்குத் தவிட்டை மட்டும் அள்ளிப் போடாதீர்கள். அதில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. வருடக்கணக்கில் போட்டால் உடல் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும், முகத்து எலும்பு வீங்கும், கால் நொண்டும். கம்பு நேப்பியர் புல்லை மட்டுமே வெட்டிப் போட்டாலும் அதிலுள்ள ஆக்சலேட்டால் இதே நிலைதான் வரும். மாட்டுக்கு ஆகும், குதிரைக்கு ஆகாது. பச்சைச் சோளத்தைத் தொடர்ந்து கொடுத்தால் குதிரைக்கு சிறுநீர்ப்பை கெட்டு, பின்னங்கால் தள்ளாடும். காய்ந்த தட்டைக்கு இந்தக் கவலை இல்லை.

தோட்டத்தில் கோழி இருக்கிறதா அக்கா? கோழித் தீவனத்தில் மோனென்சின் போன்ற மருந்து கலந்திருந்தால் ஒரு வாய் போதும், குதிரையின் இதயத்தை நாசமாக்கும். மூட்டையை மூன்றுக்கும் எட்டாத அறையில் பூட்டுங்கள். வேலியோரம் அரளி இருந்தால் பிடுங்கிவிடுங்கள், காய்ந்த இலையும் கொல்லும். மதுரைப் பக்கம் பூவுக்காக அரளி வளர்க்காத வீடு குறைவு என்பதால் சொல்கிறேன். சீமைக்கருவேலங்காயைக் கழுதை விரும்பித் தின்னும். உதிர்கிற காலத்தில் தரையில் குவிந்து கிடந்தால் கூட்டி அள்ளிவிடுங்கள், அளவு மீறினால் குடலில் கட்டியாகி அடைத்துக்கொள்ளும்.

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் ஒன்று. கழுதை தீனியை நிறுத்தினால் அன்றே எங்களைக் கூப்பிடுங்கள். குதிரைக்கு வயிறு வலித்தால் உருளும், வயிற்றைத் திரும்பிப் பார்க்கும், காலால் தோண்டும். கழுதை சும்மா தலையைத் தொங்கப்போட்டு நிற்கும், அவ்வளவுதான். 'சோம்பலாக இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம்' என்று விட்டால் கொழுப்பு ரத்தத்தில் இறங்கிவிடும். ரத்தம் எடுத்து வைத்தால் மேலே நிற்கும் நீர் பால் கலந்ததுபோல் வெளுத்திருக்கும். அந்தக் கட்டத்தில் காப்பாற்றுவது மிகக் கடினம். குண்டான பெட்டை, சினைப் பெட்டை, குட்டை ரகக் கழுதை, இவற்றுக்கு அபாயம் அதிகம். ஜோடியைப் பிரிப்பது, இடம் மாற்றுவது, திடீரென்று தீனியைக் குறைப்பது, மூன்றுமே இதைத் தூண்டும். அதனால் கொழுத்த கழுதையை மெலிய வைப்பதாக இருந்தாலும் மாதக்கணக்கில் மெதுவாகத்தான். இரவில் மருத்துவர் கிடைக்காவிட்டால் 1962 எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம். போனில் 'கழுதை, தீனி எடுக்கவில்லை' என்பதை முதல் வரியில் சொல்லுங்கள்.

வைகைக்கரை:

டாக்டர் சொன்னது நூற்றுக்கு நூறு. எங்கள் வீட்டில் காலையில் முதல் வேலை கழுதை காதைப் பார்ப்பது. காது ஆளைப் பார்த்துத் திரும்பவில்லை என்றால் ஏதோ சரியில்லை. தண்ணீரும் பாருங்கள். கழுதை தாகத்தைத் தாங்கும், அழுக்குத் தண்ணீரைத் தாங்காது. குதிரை வாய் கழுவிய தொட்டியில் கொள்ளு மிதந்தால் குடிக்காமல் நிற்கும். தனி வாளி, தினம் கழுவ வேண்டும்.

அக்கா, எனக்குத் தெரிந்த ஒருவர் சூளை வேலையை விட்டுவிட்டார். அவரிடம் அக்கா தங்கையாக வளர்ந்த இரண்டு பெட்டைகள் இருக்கின்றன. விற்க மனசில்லாமல் வைத்திருக்கிறார், நல்ல இடம் என்றால் தருவார். விவரம் தனியாக அனுப்புகிறேன்.

மட்டக்குதிரை_கொடைக்கானல்:

நான் சொன்னதில் மாற்றம் இல்லை, ஆனாலும் இரண்டு பெட்டை என்றால் ஒற்றை ஆண் குட்டியைவிட எவ்வளவோ மேல். ஒரு விஷயம் கவனியுங்கள். முதல் தடவை கழுதை கத்தும்போது குதிரை வேலியைப் பார்த்து ஓடும். உங்கள் வேலி முள்கம்பி என்றால் நெஞ்சு கிழியும். கழுதை வருவதற்கு முன்னாடியே முள்கம்பியை எடுத்துவிட்டு மூங்கிலோ சவுக்குக் கம்போ கட்டிவிடுங்கள். அடிக் கம்பு முழங்கால் உயரத்துக்குக் கீழே இருக்கட்டும், இல்லாவிட்டால் கழுதை அடியில் புகுந்து கொய்யாத் தோப்புக்குப் போய்விடும்.

பாலமேடு_தோட்டம்:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன், பின்னால் தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

வைகைக்கரைத் தம்பி சொன்னவரிடம் போனோம். அந்த அண்ணன் இரண்டையும் கொடுப்பதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்து கொட்டகையைப் பார்த்தார். தரையில் கையை வைத்து ஈரம் பார்த்தார். மேற்குப் பக்கம் சாரல் அடிக்கும், தடுப்பு வையுங்கள் என்றார். கழுதை ரோமம் குதிரை ரோமம் மாதிரி தண்ணீரை வழிய விடாதாம், நனைந்தால் தோல்வரை ஊறுமாம். ஓலைத் தடுப்பு கட்டிய பிறகுதான் கொண்டுவந்து விட்டார். கூடவே அவை தின்று பழகிய தட்டையில் ஒரு கட்டும் போட்டுவிட்டுப் போனார், தீனி சட்டென்று மாறக் கூடாது என்று.

வந்ததும் கிணற்றடிப் பக்கம் தனியாக வைத்தோம். டாக்டர் சொன்னபடி விட்டை சோதித்ததில் ஒன்றுக்கு நுரையீரல் புழு இருந்தது. இருமல் எதுவும் கிடையாது, பளபளப்பாக இருக்கிறது, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இரண்டுக்கும் மருந்து கொடுத்து, மறுபடி சோதித்து, சுத்தம் என்று வந்த பிறகுதான் இந்தப் பக்கம் நடத்தி வந்தோம்.

பிறகு வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக விட்டோம். முதல் கத்தலுக்குக் குதிரை தோட்டத்தைச் சுற்றி ஓடினாள், கொடைக்கானல் அண்ணன் எச்சரித்தபடியே. முள்கம்பியை எடுத்திருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. கழுதைகள் ஓடவில்லை, இரண்டும் ஒட்டி நின்று அவளையே பார்த்தன. சில நாளில் அவள் தானாக வேலிக்கு வந்து மூக்கை நீட்டினாள். பின்னங்கால் லாடத்தைக் கழற்றிவிட்டு, தட்டையை நாலைந்து இடத்தில் தள்ளித் தள்ளிப் போட்டு, பகல் நேரத்தில் மட்டும் சேர்த்து விட்டோம். முதல் நாள் காதை மடக்கி ஒருமுறை விரட்டினாள், அவை கம்புக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வந்துவிட்டன. இப்போது ராத்திரியும் ஒரே கொட்டகைதான். தீவனத்தை மிச்சம் வைப்பதில்லை.

அவள் கழுதைகளோடு தோள் சொறிந்துகொள்வதில்லை, அது உண்மை. பக்கத்தில் நிற்கிறாள், சேர்ந்து மேய்கிறாள், அவை நிழலுக்குப் போனால் இவளும் போகிறாள்.

இப்போது இரண்டு கேள்வி. ஒன்று, பேத்திக்கு 7 வயது, கழுதை மேல் ஏற வேண்டும் என்கிறாள். இரண்டு, ஐப்பசி மழை தொடங்கப் போகிறது, குளம்புக்கு என்ன செய்ய வேண்டும்?

கால்நடை_மருத்துவர்_திருமங்கலம்:

அருமை. சுமைக்கு 1965ஆம் ஆண்டு மத்திய விதிகள் கழுதைக்கு வைத்த உச்ச வரம்பே 50 கிலோ. சவாரிக்கு அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தால் உங்கள் கழுதைக்கு ஏறக்குறைய 20 கிலோவுக்கு மேல் வேண்டாம். பேத்தி அதன் விளிம்பில் இருப்பாள், சீக்கிரம் தாண்டிவிடுவாள். ஏற்றுவதைவிட, தலைக்கயிறு பிடித்துத் தோட்டத்தைச் சுற்றி நடத்திப் பழகட்டும். தேய்த்துவிடச் சொல்லுங்கள், அதற்குக் கழுதை நாள் முழுக்க நிற்கும்.

மருந்து விஷயத்தில் ஒன்று, வேறு மருத்துவர் பார்க்க வந்தால் நினைவூட்டுங்கள். சில வலி மருந்துகளைக் கழுதை உடம்பு குதிரையைவிட வேகமாகக் கரைத்துவிடும். குதிரைக்குக் கொடுக்கும் அதே இடைவெளியில் கொடுத்தால் நடுவில் வலி திரும்பிவிடும்.

வைகைக்கரை:

குளம்புக்கு நான் சொல்கிறேன் அக்கா. கழுதைக் குளம்பு ஈரத்தைக் குதிரைக் குளம்பைவிட அதிகம் உறிஞ்சும். சேற்றில் நின்றால் அடிப்பகுதி மிருதுவாகி, குளம்புச் சுவரும் அடிப்பகுதியும் சேருகிற வெள்ளைக் கோடு பிளந்து, மண் உள்ளே ஏறிச் சீழ் வைக்கும். கொட்டகைத் தரையை மேடாக்கிச் செம்மண்ணுக்கு மேல் ஆற்று மணல் ஒரு அடுக்கு போடுங்கள். வாசலில் அவை வழக்கமாக நிற்கிற இடம் எதுவோ, அங்கே செங்கல் ஜல்லி கொட்டிக் கெட்டியாக்குங்கள். மழை நாளில் தினமும் நான்கு காலையும் தூக்கி, கொக்கியால் சுரண்டி, துணியால் துடைத்து, முகர்ந்து பாருங்கள். நாற்றம் அடித்தால் அழுகல் தொடங்கிவிட்டது. சூளையில் இருந்தவரை சுடுமண்ணில் தானே தேய்ந்த குளம்பு, உங்கள் தோட்டத்துப் பஞ்சு மண்ணில் தேயாது, நீளும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சீவியே ஆக வேண்டும்.

லாயம்_ஒத்தக்கடை:

சீவுவதில் ஒரு எச்சரிக்கை. லாடம் அடிப்பவர் குதிரைக் கண்ணால் பார்த்துக் கழுதையின் குதிகாலை வெட்டிச் சாய்த்துவிடுவார். கழுதைக் குளம்பு இயல்பாகவே செங்குத்தாக நிற்கும், குதிகால் உயரமாக இருக்கும். அதைக் குறைத்தால் பின் தசைநார் இழுத்து நொண்டும். எங்கள் லாயத்துக்கு வருகிறவர் கழுதை சீவத் தெரிந்தவர். இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறார். காலையில் இங்கே முடித்துவிட்டு அவரை மத்தியானம் உங்கள் பக்கம் கூட்டி வரவா?

பாலமேடு_தோட்டம்:

கூட்டி வாருங்கள் தம்பி. குதிரையின் பின்னங்கால் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடட்டும், லாடம் இல்லாமலே விடலாமா என்று கேட்க வேண்டும். வைகைக்கரைத் தம்பி, மணல் ஒரு டிராக்டர் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு கனத்துக்குப் போட வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

வைகைக்கரை:

மண்ணை நன்றாகத் திமிசு போட்டு இடித்துவிட்டு, அதன் மேல் ஒரு சாண். வாசல் பக்கம் சரிவு வையுங்கள், மூத்திரம் வெளியே ஓட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன், சூளை அண்ணனும் வரேன் என்கிறார், பிள்ளைகளைப் பார்த்து நாளாச்சாம்.